பலியடிக்காரனுக்கு ஒரு பாட்டு

ஒரு நல்ல மனிதனின் விலை தொண்ணூறு அடி மண். ஒசாகாவில் நான் பார்த்த வியாபாரங்களில் பேரத்துக்கே இடமில்லாத வியாபாரம் இது ஒன்றுதான். பேஸ்பால் ஆட்டத்தில், முதல் தளத்தில் நிற்கிற நம் ஆள் இரண்டாம் தளத்துக்குப் போக வேண்டும். நடுவே தொண்ணூறு அடி. அதற்காக மட்டை பிடித்தவன் பந்தை ஓங்கி அடிக்காமல், மட்டையைக் குறுக்கே கிடத்தி, பறந்து வருகிற பந்தின் உயிரை வாங்கி, காலடியில் உருட்டிவிடுகிறான். எதிரணி ஓடிவந்து பொறுக்கி அவனை அவுட்டாக்குகிறது. அதற்குள் முன்னால் நின்றவன் அடுத்த தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். இதற்குப் பலியடி என்று பெயர். இப்படி ஒருவன் எங்கள் கடையில் வியாபாரம் செய்திருந்தால் என் அப்பா அவனை அன்று சாயங்காலமே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்.

வாகிதா தொமோஜி பதினெட்டு வருடம் இந்த வியாபாரத்தைத்தான் செய்தான். எங்கள் நானிவா கொக்குகள் அணியில் இரண்டாம் தளக்காரன். ஆள் குள்ளம், காது பெரிது. சோயா சாஸ் வடிக்கிற ஷோதோ தீவிலிருந்து வந்தவன். சோயா வாசனை அடிக்கிற ஊர்க்காரன் என்று முதல் வருடம் எதிரணிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக் காட்டினார்கள். அணியின் வரலாற்றில் அவனைவிட அதிகப் பலியடி வைத்தவன் கிடையாது. பந்தை வேலிக்கு வெளியே அனுப்புகிற ஹோம்ரன், மொத்த வாழ்க்கையிலும் ஒன்றே ஒன்று அடித்தான். அதிலும் பாதி கடல்காற்று அடித்தது. அன்று அவன் நான்கு தளத்தையும் சுற்றி ஓடியதைப் பார்க்க வேண்டும்: அடுத்தவன் குடையைத் தவறி எடுத்துக்கொண்டு வந்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

இப்படிப்பட்டவனை யார் கொண்டாடுவார்கள்? நாங்கள்தான். நான் சந்தையில் உலர்ந்த கடற்பாசி விற்கிறவன். எதிர்க்கடை மீன்கார மசாயோ அக்கா. விலாங்கு மீனின் முள்ளைச் சத்தம் கேட்கக் கேட்க நறுக்குகிற கை அது. பள்ளியில் படிக்கும்போது பாண்டு வாத்தியக் குழுவில் இருந்தவள். கொக்குகள் ஆடுகிற நாளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வலது கேலரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து டிரம்பெட் ஊதுவாள். அவள் ஊதினால் கேலரி பாடும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. ஹோம்ரன் அடிக்கிற ஓனுக்கிக்கு இருக்கிற பாட்டு, யானை வருகிறது ஓரம் போ என்கிற மாதிரி இருக்கும். தொமோஜிக்கு மட்டும் மசாயோ அக்கா தனியாக ஒரு பலியடிப் பாட்டுக் கட்டினாள். வேறெந்த ஊரிலும் பலியடிக்குப் பாட்டுக் கட்டினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

*முன்னால போப்பா, நான் இங்கயே நிக்கறேன்,*
*என் பங்கையும் சேத்து ஓடு,*
*வீடு போய்ச் சேரு.*

இவ்வளவுதான் பாட்டு. வீடு என்பது ஓட்டம் முடிகிற கடைசித் தளம். பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது, பீர் விற்கிற பெண்கள்கூட முதுகில் பீப்பாயோடு நின்று கேட்பார்கள்.

இதை எப்போது ஊதுவது என்பதில்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம். தொமோஜி எப்போதும் பலியடிக்கு நிற்கிற மாதிரியே நிற்பான். ஆனால் எப்போதும் உருட்ட மாட்டான். சில சமயம் கடைசி நொடியில் மட்டையைப் பின்னுக்கு இழுத்து, ஓடிவருகிற எதிரணிக்காரனின் பக்கவாட்டில் தட்டிவிடுவான். முன்னால் ஓடிவருவதா, பின்னாலேயே நிற்பதா என்று எதிரணிக்குத் தெரியாது. அவர்கள் தயங்குகிற அந்த அரை நொடிதான் அவன் பிழைப்பு. எதிரணிக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும். வாங்க வந்தவன் பையைத் தொடுகிற விதத்திலேயே அவன் எவ்வளவு கொடுப்பான் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் நாங்கள். தொமோஜி நிஜமாகவே உருட்டப்போகிறான் என்றால் இடது கையால் பெல்ட்டை ஒருதரம் மேலே இழுத்துவிடுவான். அடிக்கப்போகிறான் என்றால் இழுக்க மாட்டான். மசாயோ அக்கா தொலைநோக்கியில் இதைக் கண்டுபிடித்த நாளில் எங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து பெல்ட் மேலே போனால் பாட்டு. போகாவிட்டால் வெறும் கைதட்டல். எங்களுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அவனுடைய கடைசி வருடம் அது. முப்பத்தேழு வயது. வசந்தத்தில் தொடங்கியதிலிருந்தே ஒன்றும் சரிப்படவில்லை. உருட்டினால், பந்து நிற்பதற்குள் எதிரணிக்காரன் அங்கே நிற்கிறான், முன்னால் ஓடுகிறவனை அவுட்டாக்குகிறான். தட்டினால், அத்தனை பேரும் பின்னாலேயே நின்று நிதானமாகப் பொறுக்குகிறார்கள். ஆடி வெயிலில் மேனேஜர் அவனை அணியிலிருந்து எடுத்து, அவசரத்துக்கு அனுப்புகிற பதிலி மட்டையாளாக உட்காரவைத்தார். கேலரியில் பின்வரிசைக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன.

"டேய் தொமோ, வயசாச்சுன்னா வீட்ல போயி சோயா பீப்பாயை உருட்டு, அதாவது உருளும்!"

எல்லாம் பாசத்தில் சொல்கிற வசவுதான். ஆனாலும் வசவு.

அக்டோபரில், கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கடை சாத்துகிற நேரத்தில் தொமோஜி என் கடைக்கு வந்தான். ஒவ்வொரு வருடமும் ஒருதரம் வந்து உப்புப்பாசி வாங்குவான். அன்று ஒரு பொட்டலத்தை எடுத்து, சீட்டில் எழுதியிருந்த விலையை அப்படியே எடுத்து நீட்டினான்.

"ஒரு வார்த்தை குறைச்சுக் கேளுடா. எனக்கே கேவலமா இருக்கு."

"கேட்டா குறைப்பீங்களா அண்ணே?"

"மாட்டேன். ஆனா நீ கேக்கணும்."

எதிர்க்கடையிலிருந்து மசாயோ அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வந்துவிட்டாள். "யாரு, தொமோவா? நேத்து என்னடா அது? என் விலாங்கு செத்தப்புறம்கூட அதைவிட நல்லா உருளும்!"

"ஆமாக்கா."

"ஆமாங்கறான் பாரு. திட்டினா திருப்பித் திட்டணும்டா. சும்மா ஆமாம் போட்டா எனக்கு எப்படி ஆறும்?"

அவன் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டி மேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, உங்க பாட்டு..."

"என்ன, சுருதி இறங்கிப் போச்சா?"

"இல்லக்கா. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு." தொப்பியின் விளிம்பைத் தடவினான். "அவங்களுக்கும் நல்லாக் கேக்குது."

மசாயோ அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குத்தான் முதலில் உறைத்தது. கடையில் உட்கார்ந்து வளர்ந்த எவனுக்கும் உறைக்கும். எங்கள் அடிமட்ட விலையை நாங்களே டிரம்பெட்டில் ஊதி, எதிரே நிற்கிறவனுக்குச் சொல்லியிருக்கிறோம். பெல்ட் எதிரணிக் கண்ணுக்குப் படவில்லை. எங்கள் கண்ணுக்குப் பட்டது. பாட்டு எதிரணிக் காதுக்குப் போனது.

"எவன் சொன்னான் உனக்கு?" மசாயோ அக்காவின் கத்தி மெல்லக் கீழே இறங்கியது.

"குரியாமா. போன வருஷம் நம்மகிட்டேர்ந்து தலைநகர் அணிக்குப் போனானே, மூணாம் தளக்காரன். அவங்க கோச் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் சொல்லிட்டாராம். 'உங்க கேலரி ஊதினா முன்னால ஓடிவர்றோம், ஊதலேன்னா பின்னாலயே நிக்கறோம், எனக்கே பாவமா இருக்குடா'ன்னான். மத்த அணிகளுக்கும் தெரிஞ்சு போச்சு."

"எப்பச் சொன்னான்?"

"செர்ரி பூத்தப்ப."

"செர்ரியா? இப்ப அக்டோபர்டா! இத்தனை மாசமா வாயில என்னத்த வெச்சிருந்த, கொழுக்கட்டையா?"

தொமோஜி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெல்ட்டை இழுக்காம இருந்து பாத்தேன்க்கா. கை தானாப் போகுது. கையை அடக்கினா பந்து எங்கயோ போகுது. உங்ககிட்ட வந்து நிறுத்துங்கன்னு சொல்லலாம்னு ரெண்டு தரம் சந்தை வாசல் வரைக்கும் வந்தேன். அவுட்டாயிட்டுத் திரும்பி வர்றவனுக்கு எவன்க்கா பாட்டுப் பாடுவான்? எனக்குப் பாடுறீங்க. நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரல."

வாயாடியான மசாயோ அக்கா கத்தியை ஏப்ரனில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"இப்ப எதுக்கு வந்த?" என்று கடைசியில் கேட்டாள்.

"நாளன்னிக்கி ஜெயிச்சா நாம சாம்பியன். சீசன் முடிஞ்சா என்னை விட்ருவாங்க. அது எனக்குத் தெரியும், அதுக்காக வரல. பதினெட்டு வருஷத்துல ஜெயிச்ச அணியில நான் ஒருதடவைகூட இருந்ததில்ல. இருக்கணும்க்கா. கடைசி நேரத்துல என்னை அனுப்பி, என்னால தோத்துச்சுன்னா, ஊருக்குப் போயி மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

எனக்குள் இருக்கிற வியாபாரி விழித்துக்கொண்டான். "அக்கா, சுலபமான வழி இருக்கு. அவன் பெல்ட்டை இழுக்காதப்ப நீ ஊது. அவனுங்க முன்னால ஓடிவருவானுங்க. இவன் தலைக்கு மேல தட்டிவிடட்டும்."

"என் டிரம்பெட்டுல பொய் வராது."

"யாரு, நீயா? காலையில பிடிச்சதுன்னு போன வாரம் எனக்கு வித்த விலாங்கு..."

"அது வியாபாரம். இது பாட்டு."

பேரம் அதற்கு மேல் நகரவில்லை. பெல்ட் மேலே போனால் ஊத மாட்டேன் என்பது மட்டும் முடிவானது. மசாயோ அக்கா உள்ளே போய் ஒரு முழு விலாங்கைச் சுற்றி எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள். அவன் பணத்தை எடுக்கப் போனான்.

"எடுத்தேன்னா கையை நறுக்கிடுவேன். கை உனக்கு நாளன்னிக்கி வேணும்."

கடைசி ஆட்டம். எதிரே தலைநகர் அணி. மூன்றாம் தளத்தில் குரியாமா. கேலரியில் காற்று போக இடமில்லை. மழை வருமா வராதா என்று வானமும் பேரம் பேசிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமமான ஓட்டங்கள். கடைசி வாய்ப்பு எங்களுடையது. முதல் ஆள் நன்றாக அடித்து இரண்டாம் தளத்தில் போய் நின்றான். அவனை மூன்றாம் தளத்துக்கு நகர்த்திவிட்டால், பிறகு அவன் வீடு சேர ஓர் உயரமான அடி போதும். மேனேஜர் வெளியே வந்து நடுவரிடம் பதிலி மட்டையாளின் எண்ணைச் சொன்னார். ஒலிபெருக்கியில் தொமோஜியின் பெயர்.

கேலரி எழுந்து நின்றது. வாரக்கணக்காகத் திட்டிய பின்வரிசை உட்பட.

அவன் கட்டத்துக்குள் நின்றான். மட்டையைக் குறுக்கே பிடித்தான். எனக்குத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. இடது கை பெல்ட்டுக்குப் போனது. பெல்ட் மேலே ஏறியது.

மசாயோ அக்கா டிரம்பெட்டை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். நாங்கள் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. டிரம்பெட் வராவிட்டால் கேலரி சும்மா இருக்கும் என்று நினைத்துவிட்டோம். பாட்டு எங்கள் கையில் இல்லை என்பதையே மறந்துவிட்டோம். பின்வரிசையில் தோஃபு விற்கிற கிழவர் ஒருவர், மூச்சுத் திணறலோடு, தானே ஆரம்பித்தார்: *முன்னால போப்பா...*

அவரைச் சுற்றியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வந்தது. மைதானத்தில் குரியாமா தலையைச் சாய்த்துக் கேட்டான். ஓரடி முன்னால் வந்தான். அந்தப் பக்கம் முதல் தளக்காரனும் ஓரடி வந்தான். தொமோஜி கேலரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தோள் விழுந்ததை நான் பார்த்தேன்.

"நிறுத்தச் சொல்லு அக்கா!" என்றேன்.

"பத்தாயிரம் பேரை எப்படிடா நிறுத்தறது?"

சொல்லிக்கொண்டே எழுந்து, டிரம்பெட்டை எடுத்து, வானத்தைப் பார்த்து ஊதினாள். ஊதியது தொமோஜியின் பாட்டு இல்லை. யானை வருகிறது, ஓரம் போ: ஓனுக்கியின் ஹோம்ரன் பாட்டு!

ஒரு நொடி கேலரி திகைத்தது. "அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றது ஒரு குரல். "தொமோவுக்கு யானைப் பாட்டா? எலிக்குத் தும்பிக்கை முளைச்சிருச்சுடோய்!" என்றது இன்னொன்று. பிறகு சிரிப்பு. ஒசாகாக்காரனிடம் ஒரு கேலியை நீட்டினால் அவனால் வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியாது. குள்ளத் தொமோஜிக்கு யானைப் பாட்டு என்கிற கேலி அவர்களுக்குப் பிடித்துப்போனது. பத்தாயிரம் பேரும் பழைய பாட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, கால் தரையில் அதிர, யானையைப் பாடினார்கள். தோஃபு கிழவர்தான் எல்லோரையும்விட உரக்கப் பாடினார்.

இத்தனை மாதமாக எங்கள் பாட்டை நம்பிப் பழகிய காதுகள் அவர்களுடையவை. குரியாமா இரண்டடி பின்னால் போனான். முதல் தளக்காரனும் பின்னால் போனான்.

பந்து வந்தது. தொமோஜி மட்டையை இழுக்கவில்லை, அசைக்கக்கூட இல்லை. பந்து மட்டையைத் தொட்டு, மூன்றாம் தளக் கோட்டை ஒட்டி, கூடையிலிருந்து நழுவிய வெங்காயம்போல, அவசரமே இல்லாமல் உருண்டது. குரியாமா பாய்ந்து வந்து எடுத்தபோது எங்கள் ஆள் மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தான். தொமோஜி அந்த வயதான காலை வைத்துக்கொண்டு முதல் தளத்துக்கு உயிரைக் கொடுத்து ஓடி, நான்கு அடி மிச்சமிருக்கும்போது அவுட்டானான்.

அடுத்து வந்த சின்னப் பையன் ஒரு பந்தை வானத்துக்கு அடித்தான். வெளிவட்டத்தில் அதைப் பிடித்துத் திருப்பி எறிவதற்குள் மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடி வந்து வீடு சேர்ந்துவிட்டான். அவ்வளவுதான். மழை பேரத்தை விட்டுவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அவர் சட்டையில் அழுதேன். துணி நல்ல துணி என்பதைக் கவனித்தேன். எதையும் தரம் பார்ப்பது கடைக்காரன் பழக்கம்.

கீழே மைதானத்தில், ஜெயித்தவர்கள் வழக்கப்படி, முதலில் மேனேஜரை வானத்தில் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். பிறகு யாரையோ தேடினார்கள். தொமோஜி பெஞ்சில் மட்டைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். இழுத்து வந்து மழைக்குள் வீசினார்கள். ஒருதரம், இரண்டுதரம், இன்னும். மேலே போனபோதும் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்திருந்தான். மசாயோ அக்கா டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே போன மழைத்தண்ணீரைக் கொட்டினாள். அழவில்லை என்று இன்றுவரை சொல்கிறாள்.

மறுநாள் பத்திரிகையில் சின்னப் பையனின் படம் முக்கால் பக்கம். தொமோஜியின் பெயர் ஆட்ட விவரப் பெட்டியில் ஒரு வரி. நவம்பரில் அணி அவனை விடுவித்தது. ஊரில் அண்ணன் நடத்துகிற சோயாப் பட்டறைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தான். இந்தமுறை விலையைக் குறைத்துக் கேட்டான். நான் சந்தோஷத்தில் கொஞ்சம் தடுமாறி, கொஞ்சம் குறைத்தும்விட்டேன். இதை என் அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

"நன்றிக்கா," என்று மசாயோ அக்காவுக்குக் குனிந்து வணங்கினான். "நன்றி அண்ணே."

"எதுக்குடா நன்றி?" என்றாள் அவள். "ஒரு சீசனைக் கெடுத்தோமே, அதுக்கா?"

"பதினெட்டு சீசன் கூட நின்னீங்களே, அதுக்கு."

அக்கா மீன்பெட்டிக்குப் பின்னாலிருந்து டிரம்பெட்டை எடுத்தாள். "உக்காரு. அன்னிக்கி உன் பாட்டை உனக்கு ஊதல. இப்ப ஊதறேன்."

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். "இங்க வேணாங்க்கா. அந்தப் பாட்டுக்கு முன்னால ஒருத்தன் நிக்கணும். யாருமே இல்லாம கேட்டா, எதுக்கு அவுட் ஆனேன்னு எனக்கே தெரியாது." பிறகு சிரித்தான். "பாக்கியா இருக்கட்டும். பாக்கி இருந்தாத்தானே திரும்பி வரலாம்?"

இப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டவன் எங்கள் ஊர்க்காரனாகிவிட்டான் என்றுதான் அர்த்தம்.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. அவன் பக்கம்: நானூற்றுப் பதினோரு பலியடி, காற்றோடு பங்குபோட்ட ஒரு ஹோம்ரன், கோபமே இல்லாத ஆறு மாத மௌனம், ஒரு சாம்பியன் பட்டம். எங்கள் பக்கம்: பின்வரிசையிலிருந்து போன வசவுகள், ஒரு முழு விலாங்கு, ஓனுக்கியிடம் இரவல் வாங்கிய ஒரு பாட்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், தொமோஜிக்கு நாங்கள் தர வேண்டியது மூன்று வரி. இன்னும் தரவில்லை.